நசுங்காத நாலு எலுமிச்சம்பழம்

கார் இடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பது சிராங்கூன் சாலையில் எல்லாருக்கும் தெரியும். மாவுமில்லில் கேட்டாலும் சொல்வார்கள், நகைக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள், ஒன்றும் கேட்காமல் சும்மா நின்றாலும் கூப்பிட்டுச் சொல்வார்கள். இடிபட்டவனுக்கு மட்டும்தான் தெரியாது. அதிலும் இடிபட்டவர் தபால்காரர் அழகப்பனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அழகப்பன் எப்படிப்பட்ட மனிதர் என்றால், எருமைச் சாலையில் மாடு அவர் காலை மிதித்தால்கூட "தப்பா நெனைக்காதம்மா" என்று மாட்டிடம் சொல்லிவிட்டு நகர்கிற ரகம். மழையில் தபால் நனைந்தால் மழையின் சார்பில் மன்னிப்புக் கேட்பார். ஊரிலிருந்து கடிதம் வராவிட்டால், எழுதாதவன் சார்பிலும் அவரே கேட்டுக்கொள்வார். "மன்னிச்சுக்குங்க", "ஒண்ணுமில்லைங்க" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டே மனிதர் நாற்பது வயதுவரை வந்துவிட்டார்.

1958ஆம் வருஷம் அது. ஐந்து வருஷமாகத் தற்காலிகத் தபால்காரர். இந்த வருஷம் நிரந்தரமாக்குகிறோம் என்று மேலதிகாரி வாய்விட்டுச் சொல்லியிருந்தார். மனைவி பாக்கியலட்சுமி அந்த வார்த்தையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காத குறைதான். நிரந்தரம் ஆகிவிட்டால் பிள்ளைகள் படிப்பு, தனி வீடு, எல்லாவற்றையும் பற்றிப் பேசவாவது செய்யலாம். அதற்கு வேண்டியது அவருடைய இரண்டு கால்கள். தபால்காரனுக்குக் கால்தானே மூலதனம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் கோவில் வாசலில் ஒரு புதுக் கார் நின்றது. எந்தக் கோவில் என்று கேட்காதீர்கள், சாமிக்கு எதற்கு வீண் சங்கடம். கார் கிளிப்பச்சை நிறம். ஜவுளிக்கடை முதலாளி தனசேகரனுடையது. அவர் லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எத்தனையாவது தடவையில் வாங்கினார் என்று அவர் வீட்டம்மாவிடம் கேட்டால் அந்த அம்மாள் மிளகாய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். காருக்கு மாலை போட்டு, சந்தனம் பூசி, நாலு சக்கரத்துக்கும் முன்னால் நாலு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கார் முன்னால் நகர்ந்து அந்த நாலையும் நசுக்கிவிட்டால் ஊர்க்கண் ஒழிந்தது. முதலாளியின் மைத்துனர், குங்குமத் தண்ணீரும் சில்லறைக் காசும் போட்ட திருஷ்டிப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றிவந்து பின்பக்கம் நின்றார்.

ஐம்பது பேருக்குக் குறையாத கூட்டம். அத்தனை கண்ணும் அந்த நாலு பழத்தின்மேல். பின்னால் ஒருவர் தபால் பையோடு "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

"எடுங்கோ" என்றார் குருக்கள். முதலாளி எடுத்தார். பின்னால் எடுத்தார்.

பம்பர் அழகப்பனின் முழங்காலுக்குக் கீழே பட்டென்று அடித்தது. அவர் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். பயந்துபோன மைத்துனர் கையிலிருந்த பூசணிக்காயை விட்டார். அது அழகப்பனின் பக்கத்திலேயே விழுந்து சிதறி, அவருடைய காக்கி அரைக்கால்சட்டையும் கால்களும் சிவப்பாகிவிட்டன.

"ஐயையோ!" என்று கூட்டம் ஒரே குரலில் அலறியது. தெருவில் கிடந்த அழகப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நம்மேல் இத்தனை பேருக்குப் பிரியமா?

"ஐயையோ, பழம் நசுங்கலையே!"

நசுங்கவில்லைதான். கார் பின்னால் போய்விட்டதால் நாலு பழமும் வைத்த இடத்தில் வைத்தபடி கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன. நாலைந்து பேர் அழகப்பன் பக்கம் குனிந்தார்கள். தூக்கிவிடத்தான் வருகிறார்கள் என்று அவர் கையை நீட்டினார். அவர்கள் பூசணிக்காயிலிருந்து தெறித்த காசைப் பொறுக்கிக்கொண்டு நிமிர்ந்தார்கள்.

முதலாளி இறங்கிப் பின்னால் வந்து பம்பரைத் தடவிப் பார்த்தார். இங்கேதான் நம் அழகப்பன் தன் சுபாவத்தைக் காட்டினார். கிடந்தபடியே, "காருக்கு ஒண்ணும் ஆகலையே மொதலாளி? மன்னிச்சுக்குங்க" என்றார்.

"லேசா ஒரு கோடு. பரவாயில்ல, விடுங்க" என்று முதலாளி பெருந்தன்மையாக மன்னித்தார்.

"கால்ல என்ன, ரத்தமா?" என்று யாரோ கேட்டார்கள்.

"பூசணிக்கா குங்குமம்யா" என்றார் மைத்துனர்.

"ஆமாங்க, குங்குமம்தான். ஒண்ணுமில்லைங்க" என்று அழகப்பனும் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். அவருக்குமே அது குங்குமம்தான் என்று தோன்றியது. இத்தனை பெரிய மனிதர்கள் பொய்யா சொல்வார்கள்? அதற்குள் கூட்டம் முக்கியமான விஷயத்துக்குப் போய்விட்டது. வண்டி முதன்முதலில் பின்னால் நகர்ந்துவிட்டதால் இந்தப் பழம் உதவாது, அடுத்த வெள்ளிக்கிழமை புதுப் பழம் வைத்து மறுபடியும் பூஜை போடவேண்டும் என்று குருக்கள் தீர்ப்புச் சொன்னார்.

அழகப்பன் நாலு கடைக்குத் தபால் கொடுத்துவிட்டு, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையில் சர்பத் கடை போட்டிருந்த அப்துல் மஜீதிடம் போய்ச் சேர்ந்தார். மஜீது அவருடைய நீண்டநாள் சிநேகிதர். நல்ல மனிதர், ஆனால் கோபம் மூக்குநுனியில் குடியிருக்கும். அழகப்பனின் காலைப் பார்த்ததும் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னண்ணே இது?"

"குங்குமம், பாய். ஒண்ணுமில்ல."

மஜீது துணியை எடுத்துத் துடைத்தார். மறுபடி சிவந்தது. மறுபடி துடைத்தார். "குங்குமம்னா துடைச்சா போவணும்லா! இது துடைக்கத் துடைக்க வருதே! உங்களுக்கு மூளை இருக்கா இல்லையா? கார் இடிச்சா அப்படியே உக்காரணும், நம்பரைப் பாக்கணும், நாலு பேரைச் சாட்சிக்கு நிக்க வைக்கணும், ஆஸ்பத்திரிக்குப் போவணும், மாத்தாகிட்ட, அதான் போலீசுகிட்ட, சொல்லணும். நீங்க என்ன செஞ்சீங்க?"

"மன்னிப்புக் கேட்டேன், பாய்."

மஜீது தலையில் அடித்துக்கொண்டு ஒரு மூன்று சக்கரத் திரிஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து எலும்பு விரிந்திருக்கிறது என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் தனசேகரன் ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு அழகப்பனின் வாடகை அறைக்கு வந்தார். வந்தவர் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் கூடுதலாக இருந்தது. "அழகப்பன், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. என் கார்மேல இருந்த கண்ணெல்லாம் உங்க கால்மேல எறங்கிடுச்சு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. ரொம்ப நன்றி. போலீசு கீலீசுன்னு மட்டும் போயிடாதீங்க, புதுக் காருக்கு அபசகுனம்."

"சரிங்க மொதலாளி" என்றார் அழகப்பன்.

பாக்கியலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தலை உங்களுது. தலைப்பாகை எம் புருசன் காலா? பழத்தை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள். முதலாளி கிளம்பினார். பழத்தை எடுக்கவில்லை. பிள்ளைகள் அதற்குள் இரண்டை உரித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை தபால் நிலையத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். வேலை நேரத்தில் கார் இடித்தது என்று போலீஸ் சொன்னால் அழகப்பனின் இடம் அவருக்கே இருக்கும். கால் ஆறும்வரை உட்கார்ந்து தபால் பிரிக்கலாம். தானே கவனக்குறைவாக விழுந்தார் என்றால் தற்காலிக ஆள்தானே, வேறொருவரைப் போட்டுக்கொள்வார்கள். அதைக் கேட்டதும் அழகப்பனுக்கு முதல்முறையாகக் கால் வலித்தது. ராத்திரி முழுக்க மனிதர் தூங்கவில்லை. ஐந்து வருஷ நடை, ஒரு "ஒண்ணுமில்லைங்க"வில் போய்விடுமா?

"குட்டக் குட்டக் குனியிறவனும் முட்டாள், அண்ணே" என்று சொல்லி மஜீது அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். புகாரைக் கேட்டுக்கொண்ட சார்ஜெண்ட் சுப்பிரமணியம், இரண்டு தரப்பையும் அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்.

இடையில் மஜீது சாட்சி தேடிக் கடைகடையாக ஏறி இறங்கினார். "நாங்க பழத்தைத்தான் பாத்தோம், பாய்" என்றார்கள். நகைக்கடைக்காரர், பூக்காரம்மா, குருக்கள், எல்லாரும் ஒரே பாட்டு. ஐம்பது பேர் சூழ்ந்து நின்ற இடத்தில் ஒரு மனிதன் அடிபட்டதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. மஜீது கொதித்தார். அழகப்பன் மட்டும், மாவுக்கட்டை நீட்டிப் போட்டுக்கொண்டு, அந்தப் பாட்டையே திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை வந்தது. லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில் முதலாளி பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தார். நெற்றியில் புது விபூதி. நேற்றுதான் இரண்டாவது பூஜை அமோகமாக நடந்திருந்தது.

"சார், நான் ஆமை மாதிரி முன்னால வந்துக்கிட்டிருந்தேன்" என்றார் முதலாளி. "இவரு லெட்டரைப் படிச்சுக்கிட்டே முன்னால வந்து விழுந்துட்டாரு. நான் என்ன செய்வேன்?"

சார்ஜெண்ட் மற்றவர்களைப் பார்த்தார். "நாங்க பழத்தைத்தான் பாத்தோம் சார்" என்றார்கள்.

"நீங்க என்ன சொல்றீங்க, அழகப்பன்?"

அழகப்பன் கட்டையை ஊன்றி எழுந்தார். மஜீது கண்ணை மூடிக்கொண்டார். இந்த மனிதர் இப்போது சார்ஜெண்டிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகப் போகிறார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

"தப்பா நெனைக்காதீங்க மொதலாளி" என்றார் அழகப்பன். "நேத்து எதுக்கு மறுபடி பூஜை போட்டீங்க?"

முதலாளிக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. "பின்ன? மொத தடவை பழம் நசுங்கலையே! அப்படியே விட்டுட முடியுமா? எது செஞ்சாலும் நான் முறையாத்தான் செய்வேன்."

"நசுங்கவே இல்லீங்களா?"

"நாலுல ஒண்ணுகூட நசுங்கல. இவங்க எல்லாரும் சாட்சி!"

"ஆமாமா" என்றது கூட்டம். "நாலும் முழுசாத்தான் இருந்துச்சு. நாங்க பாத்தோம்." இத்தனை நாளாகச் சாட்சி சொல்ல முடியவில்லையே என்ற மனக்குறை தீர, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். பூக்காரம்மா சத்தியமே பண்ணினார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் அழகப்பன். "சக்கரத்துக்கு முன்னாலதானே பழம் வெச்சிருந்தீங்க. ஆமை மாதிரி முன்னால வந்திருந்தாலும் நசுங்கியிருக்குமே, மொதலாளி."

சார்ஜெண்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலாளியை நிதானமாகப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? "வண்டி பின்னாலதான் போச்சு, சார்" என்று குருக்களே கடைசியில் முனகினார்.

முதலாளிக்குத் தண்டம் விழுந்தது. லைசென்ஸும் கொஞ்ச காலத்துக்குக் கையைவிட்டுப் போனது. அழகப்பனின் இடம் அவருக்கே நின்றது. அடுத்த வருஷம் நிரந்தரமும் ஆனது. கால்தான் முழுசாகப் பழையபடி வரவில்லை. மழை நாளில் லேசாக இழுக்கும். சிராங்கூன் சாலையில் வழக்கம்போல எல்லாரும், "அன்னிக்கே நான் சொன்னேன்" என்றார்கள். என்ன சொன்னார்கள் என்று மஜீது ஒவ்வொருவரையும் கேட்டார். யாருக்கும் ஞாபகமில்லை.

ஏழு வருஷம் கழித்து, அழகப்பன் குடும்பம் குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக்குக் குடிபோன பிறகு, ஒருநாள் ஜவுளிக்கடையில் தபால் கொடுக்கப் போனவரைத் தனசேகரன் உட்காரவைத்துக் கோப்பி வாங்கிக் கொடுத்தார். அந்தக் கிளிப்பச்சைக் கார் இத்தனை வருஷமும் ஒரு கீறல் இல்லாமல் ஓடியதாம். எல்லாம் அழகப்பனின் கால் ராசியாம். இப்போது இன்னும் பெரிய கார் வாங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பூஜை.

"நீங்க வந்து காருக்குப் பின்னால சும்மா நின்னாப் போதும், அழகப்பன். வேட்டி துண்டெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். எனக்காக இது ஒண்ணு செய்யக்கூடாதா?"

யார் எதைக் கேட்டாலும் "சரிங்க" என்று சொல்லியே பழகிய வாய். அழகப்பன் கோப்பியைக் கடைசிவரை குடித்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மன்னிச்சுக்குங்க மொதலாளி. என்கிட்ட இன்னும் ஒரு கால்தான் பாக்கி இருக்கு."