வில்லனுக்கு வந்த தந்தி

தொலைக்காட்சியில் ஒரு முகமூடிக்காரன் கட்டடம் கட்டடமாகத் தாவிக்கொண்டிருந்தான். என் பேத்திக்கு அவனைவிட அவனுடைய எதிரியைத்தான் பிடிக்குமாம். ஏனென்று கேட்டேன். "அவன் பாவம் தாத்தா. அவனுக்கு ஏதோ வேணும், கிடைக்கல" என்றாள். பத்து வயதில் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ரஹீம் பாய் வேண்டியிருந்தது.

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் பாதி காலியாகிக் கிடந்தது. சைதாப்பேட்டையில் ஆற்றோரத் தகரக் கொட்டகையில் எங்கள் நாடகக் கம்பெனி. ராத்திரி விளக்கேற்றக் கூடாதென்ற இருட்டடிப்பு உத்தரவால் மத்தியானம் மூன்று மணிக்கே திரை தூக்குவோம். நான் வசனகர்த்தா. பெரிதாக எண்ணிவிடாதீர்கள், படுதாவுக்குப் பின்னால் நின்று, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவனும் நானேதான். எங்கள் கதாநாயகனும் முகமூடி போட்டுக் கயிற்றில்தான் பறந்து வருவான். வில்லன் ரஹீம் பாய். காலையில் தையல்காரர், மத்தியானம் கொடுங்கோலன்.

குண்டுக்குப் பயந்து, மனைவியையும் நாலு வயது மகளையும் பாய் ஆம்பூருக்கு அனுப்பியிருந்தார். கொட்டகைக்கு முப்பது பேர் வந்தால் அதிகம். நாங்கள் எல்லோரும் ஒருவேளைக் கஞ்சியில் இருந்தோம். அப்போதுதான் பாய் என்னிடம் வந்தார்.

"இன்னாபா எழுதிக்கீறே? ராஜ்யம் வோணும்னு எவன் அளுவான்? பொண்ணைத் தொலைச்சவன்னு எழுது. அதைத் தேடிக்கினுதான் ஊரைக் கொளுத்தறான்."

எழுதினேன். "அவளை மட்டும் கொடு, இந்தப் பட்டணத்தையே விட்டுவிடுகிறேன்" என்று அவர் மண்டியிட்டபோது, அதுவரை பழத்தோல் வீசிக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள். பத்தே நாளில் கொட்டகை நிரம்பியது. எல்லாம் என் எழுத்தின் மகிமை என்று நான் வேறு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தந்தி வந்தது. மகளுக்குக் கடும் காய்ச்சல், உடனே புறப்படவும். முதலாளி பிரித்துப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

"ஆட்டம் முடிஞ்சப்புறம் குடு. இன்னிக்கு நின்னா நாளைக்குக் கம்பெனியே இல்ல."

ஒரு மணிக்கு ரயில் இருந்தது எனக்குத் தெரியும். இரண்டு மணிக்கு, அரிதாரம் பூசிக்கொண்டே பாய் கேட்டார்: "ஊர்லேர்ந்து கடுதாசி எதுனா வந்துச்சா?"

"இல்லை பாய்" என்றேன்.

அன்று அவர் மண்டியிட்டபோது கொட்டகை மொத்தமும் விம்மியது. நான் படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் முடிந்ததும் தந்தியைப் படித்துச் சொன்னேன். "எப்போ வந்துச்சு?" என்றார். "இப்பத்தான்" என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒடனே சொன்னியே, நல்லா இருப்பா." முகத்துச் சாயத்தைக்கூடத் துடைக்காமல் ஓடினார்.

ஒரு வாரம் கழித்து அவர் தம்பி துணிப்பெட்டியை எடுத்துப்போக வந்தார். "அண்ணன் மறுநாள் காலைலதான் வந்து சேர்ந்தாரு. புள்ள சாயங்காலமே போயிடுச்சு. வாசலைப் பாத்துக்கினே இருந்துச்சு." பெட்டியை அவர் தலையில் தூக்கிவிட்டேன்.

அதே வசனத்தை வேறொருவர் பேசினார். யாரும் அழவில்லை. அந்த மாதமே கம்பெனி கலைந்தது. யுத்தம் முடிந்து இரண்டு தடவை ஆம்பூர் போனேன். அந்தக் குடும்பம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். முதலாளி போய்விட்டார், கயிற்றில் பறந்தவனும் போய்விட்டான். உண்மையைக் கேட்டு என் கன்னத்தில் அறைய வேண்டியவர்களில் ஒருவர்கூட மிச்சமில்லை.