அடுப்பும் பருப்புமாக நிலம் பார்த்த அமலி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தபோது சேவியரிடமிருந்து போன் வந்தது. "அக்கா போயிட்டாங்க. எழுப்பப் போனேன், எழுந்திரிக்கல" என்றார். அமலோற்பவம் அக்காவின் தம்பி அவர். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. பக்கத்துக் கடைக்குப் போவதென்றால்கூட நாலு பேரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிற அக்கா, இதற்கு மட்டும் சொல்லாமல் போகலாமா?

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கும்பகோணத்தில் மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கிற அலுவலகம் ஒன்றில் நாங்கள் இருவரும் பக்கத்து மேசைக்காரர்கள். ஊர் ஊராக வருகிற மண் பொட்டலங்களைப் பிரிக்கும்போதெல்லாம், "பொட்டலத்தைப் பாத்து ஊரைச் சொல்லுன்னா எப்படி வசந்தா?" என்று சலித்துக்கொள்வார். ஓய்வு பெற்றதும் ஊரையே நேரில் பார்க்கக் கிளம்பிவிட்டார். வறண்ட பக்கத்தில் இடம் வாங்கிக் குடியேற ஆசைப்படுகிறவர் யார் கூப்பிட்டாலும் போவார். கையில் ஒரு பை. அதில் சின்ன கேஸ் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு டப்பா துவரம்பருப்பு.

நானும் ஓய்வு பெற்றபோது எங்களுக்கும் அந்த ஆசை வந்தது. என் வீட்டுக்காரர் காவிரிக்கரைக் குத்தாலத்து நெல் விவசாயக் குடும்பம். பாகம் பிரிந்த பிறகு, ஆடும் மாடும் நாலு மரமுமாகக் கடைசிவரை இருக்க ஓர் இடம் வேண்டும் என்று இருவருமே துடித்தோம். பேராவூரணிக்கு மேற்கே, வாய்க்கால் எட்டாத மேட்டில் ஒரு நிலம் காட்டினார்கள். அது கார்த்திகை மாதம். இடுப்பளவு புல். கிணற்றில் கைக்கெட்டும் தண்ணீர். இவர் போனதும் கேட்ட முதல் கேள்வி, "மடை எந்தப் பக்கம்?" தரகர் இருமுவதுபோல் சிரித்துக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எங்கே போனாலும் ஆறு பின்னாலேயே வரும் என்று நினைப்பு.

நான் மயங்கிப்போய்விட்டேன். வந்து பார்க்கச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டேன், அவர் அசையவில்லை. "கார்த்திகையில பாறைகூடப் பச்சையாத்தான் இருக்கும். சித்திரையில, மத்தியானத்துல கூப்பிடு, வரேன்" என்றார். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால்? இன்னொரு இடம் தேடி அலைய எங்களுக்குத் தெம்பு இருக்குமா? "நாங்க நல்லா இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கல" என்று சொல்லிவிட்டேன். சொல்லக்கூடாத வார்த்தை. நாலு மாதம் அவருடன் பேசவில்லை. அவராகத்தான் சித்திரை பிறந்ததும் பையோடு வந்து நின்றார்.

புல்லைக் காணோம். கிணற்றில் சேறுதான் இருந்தது. அக்கா நிலத்தைப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போய், "கோடையில எத்தனை நாளைக்கு ஒருதரம் துணி துவைப்பீங்கம்மா?" என்று கேட்டார்.

"இங்க எங்க துவைக்கிறது? மூட்டை கட்டிக்கிட்டு தங்கச்சி ஊருக்குல்ல போறேன்!" என்றார் அந்த அம்மாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த நாகரிகத்தை நான் மறக்கமாட்டேன்.

அதன் பிறகு பார்த்தவற்றில் இப்போது நாங்கள் இருக்கும் இடம்தான் பார்க்கச் சகிக்காதது. கல், முள், ஒரே ஒரு வேப்பமரம். ஆனால் பக்கத்து வீட்டில், "ரெண்டு நாளைக்கு ஒருதரம் துவைப்பேன், மாட்டையும் குளிப்பாட்டுவேன்" என்றார்கள். அக்கா வேப்பமரத்தடியில் அடுப்பைப் பற்ற வைத்தார். கிணற்றுத் தண்ணீரிலேயே பருப்பைப் போட்டார். "உப்புத் தண்ணின்னா இது வேகாது. வயித்துக்குள்ளயும் இதே தண்ணிதானே போகப்போகுது" என்று விளக்கம் வேறு. பருப்பு குழைந்து வந்தது. கொண்டுபோன சோற்றில் பிசைந்து தரகர் உட்பட எல்லோரும் சாப்பிட்டோம்.

"நல்ல இடமாக்கா?" என்று கேட்டேன்.

"இருந்து பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

குடியேறினோம். முதல் மழையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்கவில்லை. வரப்புப் போட்டு நெல் நட்டுவிட்டார். கதிர் வருவதற்குள் பயிர் காய்ந்து சருகானது. பார்க்க வந்த அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "தம்பி, குத்தாலத்தை அங்கயே விட்டுட்டு வாங்க" என்றார். உளுந்துக்கும் கடலைக்கும் முருங்கைக்கும் இவர் மனம் இறங்கி வர இன்னொரு வருஷம் ஆனது.

வருஷம் ஒருமுறை அக்கா வருவார். நானும் விடாமல் கேட்பேன்: "இப்பவாவது சொல்லுங்க, நல்ல இடமா?" "இன்னும் ஒரு கோடை போகட்டும்" என்பார். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையாகவே என்னை வைத்திருந்தார். வெளியே சிரிப்பேன். உள்ளுக்குள் பயம்தான். எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

கடைசியாக இந்தப் பொங்கலுக்கு மறுநாள் வந்தார். கைத்தடி ஊன்றி நிலம் முழுக்க ஒரு சுற்று நடந்தார். மாட்டுக் கொட்டகைக்கு அந்தப்பக்கம் நின்று, தடியால் தரையில் ஒரு கோடு இழுத்தார்.

"இங்க எனக்கு ஒரு ரூம் போடு வசந்தா. கிழக்கால ஜன்னல் வேணும். இனிமே நான் இங்கயே இருந்துக்கறேன்."

நல்ல இடமா என்று அன்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது!

அடக்கம் முடிந்து திரும்பியபோது அக்கா கேட்ட ரூமின் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது. கொத்தனார் தயங்கித் தயங்கி, "வேலையை நிறுத்திரவாம்மா?" என்று கேட்டார். "நிறுத்தாதீங்க. ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கி வைங்க. அக்கா குள்ளம், கட்டில்ல உக்காந்தா வெளிய தெரியணும்" என்றேன்.

போய் வாருங்கள் அக்கா. மழைக்கு முன்னால் உங்கள் ரூமுக்குக் கூரை போட்டுவிடுவோம்.