சங்கீதத்துக்குள் புகுந்த கடா

என் தங்கை இஷ்பலின் புருஷன் எவான்டர் தபால் வண்டி ஓட்டுகிறவன். லூயிஸ் தீவின் மேற்குக் கரையில், எங்கள் சபையில் வேதத்துச் சங்கீதப் பாடல்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பவனும் அவன்தான். எங்கள் ஆராதனையில் ஆர்கன் கிடையாது, மனிதர் எழுதிய பாட்டும் கிடையாது. வேதம் கேட்காததைக் கடவுள்முன் கொண்டுபோய் நீட்ட நாம் யார் என்பது எங்கள் கட்சி. எவான்டர் ஓர் அடியைப் பாடிக் கொடுப்பான். சபை அதை வாங்கி, இழுத்து, அலைபோலத் திருப்பிப் பாடும். அவனை விட்டால் ஊரில் வேறு தொண்டை இல்லை. பக்கத்துச் சபையில் அடியெடுத்துக் கொடுத்தவர் இறந்த அடுத்த குளிர்காலமே ஆர்கன் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

சங்கீதத்தின் வார்த்தைகள் ஆராதனைக்கு மட்டும்தான். ராகம் பழகுவதற்கு அவற்றைப் போட்டு உருட்டக் கூடாது என்பது அவன் அப்பா காலத்திலிருந்தே வழக்கம். அதற்கென்று வெட்டிப் பாட்டு வைத்திருந்தார்கள். எவான்டருடையது ஒரு கடாவைப் பற்றியது. 'ஃபின்லே வீட்டுக் கடா வந்து கோஸுத் தோட்டம் மேயுதே' என்று வண்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர் ஊராகப் பாடிக்கொண்டே கடிதம் போடுவான். தபால் வந்துவிட்டது என்று எங்களுக்குச் சொல்வதே அந்தக் கடாதான்.

இலையுதிர்கால நற்கருணை ஞாயிறு வந்தது. கோவில் நிரம்பி வழிந்தது. நூற்று மூன்றாம் சங்கீதம். சனிக்கிழமை முழுக்க அதே ராகத்தைத்தான் வண்டியில் பழகியிருந்தான். முதல் இரண்டு அடிகள் பிசகில்லை. மூன்றாவது அடிக்குக் கண்ணை மூடி வாயைத் திறந்தான், கடா வந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சபை முழுவதும் அதை வாங்கி, பக்தியோடு, கண்ணை மூடிக்கொண்டு திருப்பிப் பாடிவிட்டது. நானும்தான். கோஸுத் தோட்டத்தை மேய்ந்து முடித்த பிறகே என்ன பாடினோம் என்று உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. எவான்டர் சுண்ணாம்பாக வெளுத்து, சரியான அடியைத் தட்டுத்தடுமாறி எடுத்துக் கொடுத்து, எப்படியோ முடித்தான்.

வீட்டில் இஷ்பல் முந்தின நாளே செய்து வைத்திருந்த சூப்பை அவன் தொடவில்லை. வேதத்தில் ஆசாரியன் ஆரோனின் பிள்ளைகள் நாதாபும் அபியூவும் கடவுள் கேட்காத அந்நிய அக்கினியை அவர்முன் கொண்டுபோய்க் கருகிச் செத்தார்களே, அதைத்தான் தானும் செய்துவிட்டதாகச் சொன்னான். இனி அந்த இடத்தில் நிற்க மாட்டேன் என்றான். இவன் இறங்கினால் ஆர்கன் ஏறும்.

திங்கட்கிழமை தபால் வண்டி ஊமையாக வந்து போனது. சாயந்திரம் சபை மூப்பர் லாக்லன் எவான்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஓய்வுநாளில் துணி காயப்போட்ட வீட்டை மூன்று தலைமுறைக்கு மறக்காத ஆள். கையில் வேதப்புத்தகம். தொலைந்தான் என்று நானும் இஷ்பலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எவான்டர் எழுந்து நின்று, அந்நிய அக்கினி பற்றித் தானே சொல்லி, தன்னை விலக்கிவிடச் சொன்னான். லாக்லன் உட்காராமலே லேவியராகமத்தைத் திறந்தார்.

"பத்தாம் அதிகாரத்த எதுவரைக்கும் படிச்ச?"

"அவங்க செத்த வரைக்கும், அண்ணே."

"கடைசி வரைக்கும் படி. அதே நாள், ஆரோனோட மத்த ரெண்டு பசங்க பலியில தப்புப் பண்ணிட்டாங்க. மோசேக்குக் கோவம் வந்துச்சு. ஆரோன் உள்ளதச் சொன்னான். மோசே ஏத்துக்கிட்டான். துணிஞ்சு போனது வேற, தடுக்கி விழுந்தது வேற. ரெண்டும் ஒரே அதிகாரத்துலதான இருக்கு?"

எவான்டர் படித்தான். மோசே அமைதியானான் என்ற இடத்தில் விரலை வைத்து அப்படியே நின்றான். இஷ்பல் அழுதுவிட்டாள். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

மூப்பர் தொப்பியை எடுத்துக்கொண்டு, இனிமேல் வார்த்தையே இல்லாமல் 'லா லா' என்று பழகச் சொன்னார். பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், "நானும்தான் பாடுனேன். சத்தமா" என்றார்.

அடுத்த ஞாயிறு எவான்டர் நின்றான். அவன் வாய் திறக்கும்வரை கோவிலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. சரியான அடி வந்தது. நாங்கள் திருப்பிப் பாடியதில் கூரை மிஞ்சியது அதிசயம்.

செவ்வாய்க்கிழமை மூப்பர் வீட்டருகே நான் முட்டை வாங்கப் போயிருந்தேன். தபால் வண்டி 'லா லா லா' என்று ஒழுங்காக வந்து, கடிதத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தது. வண்டி வளைவில் மறைந்ததும் மூப்பர் வீட்டுக்குள்ளிருந்து, மெதுவாக, இழுத்து, ஒரு குரல் அந்த ராகத்தை வாங்கிப் பாடியது.

கடா கோஸுத் தோட்டத்தில்தான் இருந்தது.