கடலில்லாத சீமையில் கடற்படைக்கு இடம் பார்த்த பயணம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு தை மாதக் கடைசி. கடற்படைத் தொண்டர் படைக்கு உள்நாட்டில் ஒரு கிளை தொடங்கலாமா என்று பார்த்து வர, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் என்னை அனுப்பினார்கள். கிளையின் தலைமையகத்துக்கு இடம், பயிற்சிக்குத் திட்டம் இரண்டையும் நான் எழுதித் தரவேண்டும். "கடலையே பார்க்காதவனுக்குக் கப்பலா? ஆள் தேறாவிட்டால் கிளையே வேண்டாம்" என்றுதான் மேலதிகாரி வழியனுப்பினார். உப்புக்காற்றுப் படாத ஊரில் பிறந்த எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

பெரம்பலூரில் காலை ஏழு மணிக்கு பஸ். பெட்ரோல் தட்டுப்பாட்டால் அடுப்புக்கரியில் ஓடிய வண்டி. அரியலூருக்கு இருபது மைல், டிக்கெட் எட்டணா. மேடு வந்தால் இறங்கித் தள்ளுவது இலவசம். என்னோடு தள்ளியவர்களில் ஒருவர் ராசு, வேப்பந்தட்டை விவசாயக் கூலி. தண்டோரா கேட்டுப் படையில் சேரவே வருகிறாராம். துணைக்குத் தாய்மாமன் சின்னசாமி.

"நீச்சல் தெரியுமா?" என்றேன்.

"கெணத்துலயேதான் கெடப்பான் சார்" என்றார் மாமன்.

பெரம்பலூரில் ரயில் கிடையாது. அரியலூரில் ரயிலும் உண்டு, ஏரியும் உண்டு. ஆகவே இடம் சீக்கிரமே முடிவாகிவிட்டது. ஆள் தேறுமா என்பதுதான் பாக்கி. வந்திருந்தவர்களை, ஏரி ஒடுங்கும் பக்கமாக எதிர்க்கரைக்கு நீந்தச் சொன்னேன். மீனாகப் பாய்ந்தார்கள். நாலு கை போட்டதும் அத்தனை பேரும் திரும்பி என்னிடமே வந்துவிட்டார்கள்! மறுபடி அனுப்பினாலும் அதே கதை.

"ஏன் திரும்புறீங்க?"

ராசு தலையைச் சொறிந்தார். "சொவரு வந்துடும்னு கை தானா திரும்புதுங்க."

கிணற்று நீச்சல்! சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. மேலதிகாரிக்கு இது போதும், கிளைத் திட்டத்தையே மூடிவிட்டுத்தான் காப்பி குடிப்பார். யோசித்து, சின்னசாமியை அக்கரைக்கு அனுப்பி ஓயாமல் கூப்பிடச் சொன்னேன்.

"வாடா மாப்ள! இங்கெல்லாம் சொவரு இல்லடா!"

நடுவில் ராசு ஒருமுறை தயங்கினார். ஆனால் திரும்பவில்லை. அக்கரையேறிக் கையை ஆட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பின்னாலேயே மற்றவர்களும் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்தப் பக்கம் ஆள் எடுக்க வருகிறவர்கள் தையிலேயே வாருங்கள். அறுப்பு முடிந்திருக்கும், ஏரியில் தண்ணீரும் இருக்கும். கரி பஸ்ஸை நம்பி ரயிலுக்குக் கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள்.

ஸ்டேஷனில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். தலைமையகம் அரியலூர். முதல் பயிற்சி, நேராக நீந்துவது. வழியனுப்ப வந்திருந்த ராசு மெல்லக் கேட்டார்:

"கடல்ல அக்கரை தெரியுமா சார்?"

"தெரியாது."

"அப்ப மாமாவ எங்க நிறுத்துவீங்க?"

வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே, 'ஆள் தேறும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.