குடல் ஏறியதென்று நினைத்தோம்

அக்காவின் கட்டைவிரல் மடங்கி முன்கையைத் தொடும். காப்பிப் பழம் பறிக்கக் கிளையை எட்டி இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். அவள் அலட்டிக்கொள்ள மாட்டாள். அம்மா விளக்கெண்ணெய் தடவி, ஒரு திருப்புத் திருப்பி மூட்டை உட்கார வைத்துவிடுவாள். நாகலூர் எஸ்டேட் லைன் வீடுகளில் சுளுக்கோ, குழந்தைகளுக்குக் குடல் ஏற்றமோ, எதுவானாலும் அம்மாவின் கைதான். அந்தக் கையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு அவளைவிட அதிகம்.

கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு அக்கா வந்திருந்த மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றுவலி கண்டது. தொப்புளைச் சுற்றி வலித்தது, பிறகு வலப்பக்கம் இறங்கியது.

"கொடலு ஏறியிருக்குது கண்ணு, செத்த பொறுத்துக்கோ" என்றாள் அம்மா.

அக்காவைச் சேலையில் கிடத்தி, அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உருட்டினார்கள். பிறகு அம்மா எண்ணெய் விட்டு வயிற்றை நீவினாள். வலி சட்டென்று நின்றது. அக்கா சிரிக்கக்கூடச் செய்தாள். மறுநாள் வயிறு பலகைபோல இறுகி, காய்ச்சல் கொதித்தது. எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்குக் கொண்டுபோனோம்.

குடல்வால் வெடித்துச் சீழ் பரவியிருந்தது. ஆபரேஷன் முடித்து வந்த டாக்டரின் முகமே சரியில்லை.

"தையல் நிக்க மாட்டேங்குது. மூட்டு கழண்டுபோகும்னு சொன்னீங்களே, அதே மாதிரி உள்ளே தசைக்கும் பிடிமானமில்லாத உடம்பு. பிறவியிலேயே அப்படி. அபூர்வமா யாருக்காவதுதான் இருக்கும்."

"நான் நீவுனதுனாலதானுங்களா?" என்றாள் அம்மா.

"நீவியிருக்கக் கூடாதும்மா" என்றவர், கையுறையைக் கழற்றியபடி, "நீவாட்டியும் வெடிச்சிருக்கலாம்" என்றார்.

அம்மா முதல் வாக்கியத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்த வாரமே அக்கா போய்விட்டாள். டாக்டர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். இரண்டாவதை முதலில் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அதன்பிறகு யார் வந்து கூப்பிட்டாலும் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடவில்லை.

அக்காவின் மகள் எங்களிடமே வளர்ந்தாள். அவள் கட்டைவிரலும் மடங்கி முன்கையைத் தொடும். ஒருநாள் கொய்யாக்காயை மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு, "நீவி வுடு அம்மாயி" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"என்ற கை வேண்டாஞ் சாமி" என்றவள் என் பக்கம் திரும்பி, "பஸ்ஸு வருதான்னு பாரு" என்றாள்.

கொய்யாக்காயின் வேலைதான் என்று ஏற்காடு டாக்டர் சிரித்தார். திரும்பும் பஸ்ஸில் குழந்தை அம்மாவின் மடியில் தூங்கிப்போனது. அம்மா அதன்மேல் கையை வைக்காமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வளைவுகளில் குழந்தை சரிந்தபோதெல்லாம் நான்தான் பிடித்துக்கொண்டேன்.