சவரம் சேராத கடன்

சலூன் வைத்திருக்கும் அவரைத் தெருவே பஞ்சுக்கை என்றுதான் கூப்பிடும். கத்தி பட்டதே தெரியாமல் சவரம் செய்வார். கை பஞ்சாக இருந்ததோடு நின்றிருந்தால் நல்லது. வாயும் அப்படியே இருந்துவிட்டது.

கடைக்குச் சுழல் நாற்காலி இரண்டு வேண்டும் என்று ஆசைப்பட்டு, தெருமுனை ஃபர்னிச்சர் கடைக்காரரிடம் மாதத் தவணைக்கு எடுத்தார். "நமக்குள்ள எதுக்குய்யா வட்டி?" என்று அந்த மனுஷன் சொன்னபோது பஞ்சுக்கைக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வட்டி என்னவென்று மறுநாள் காலையில் தெரிந்தது. கடை திறந்ததும் கடன் கொடுத்தவர் வந்து, ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியில் சாய்ந்தார். ஓசிச் சவரம். அது முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பேப்பரை விரித்துச் சத்தம் போட்டுப் படித்தார். பெஞ்சில் காத்திருந்தவர்களிடம், "இது நம்ம சேருதான்" என்று வேறு பெருமையடித்தார். தினமும் இதே கூத்து. வேலைக்கு ஓடுகிறவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு மாறினார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

"எந்திரிங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்பாள் மனைவி. "இப்படியே போனா கடை வாடகைக்கே வழியில்ல."

"சொன்னா சேரைத் தூக்கிட்டுப் போயிடுவாரு. அப்புறம் கடை ஏது?" என்பார் இவர்.

ஒருநாள் மதியம் மாவு மில் வைத்திருக்கும் அக்கா, புருவத்தில் ஒட்டிய மாவோடு வந்து ஒரு பத்திரத்தை நீட்டினார். "தம்பி, உங்க நாற்காலிக் கடனை ஃபர்னிச்சர்காரர் எனக்கு எழுதிக் குடுத்துட்டாரு. இனி தவணையை என்கிட்ட குடுங்க."

பஞ்சுக்கை பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மொத்தமாகக் கேட்டால் எங்கே போவது? மதியச் சோறு கொண்டு வந்திருந்த மனைவிதான் நிதானமாக, "அவர் வாயால ஒரு தடவை கேட்டுட்டு வந்துடுங்க" என்று அனுப்பினாள்.

ஃபர்னிச்சர்காரர் ஒளிக்கவில்லை. "கைக்கு அவசரமாப் பணம் தேவைப்பட்டுச்சுய்யா. அந்தம்மா மொத்தமாக் குடுத்துட்டாங்க. பாக்கிய இனி அவங்ககிட்டயே கட்டிடு."

திரும்பி வந்து, சலூனிலேயே காத்திருந்த அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மொத்தமாக் கேப்பீங்களாக்கா?"

"அது எப்படி? அவர்கிட்ட பேசின தவணைதான் எனக்கும். கடன்தான் கைமாறியிருக்கு, பேச்சு மாறல."

பாதிக் கவலை தீர்ந்தது. மீதியையும் கேட்டுவிடலாம் என்று, "அப்புறம்... தினம் காலையில சவரம்?" என்றார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கு, எனக்கா?"

மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அக்கா சிரிக்காமல் பத்திரத்தை மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தார். "பாக்கியும் தவணையும்தான் இருக்கு தம்பி. சவரம்னு இதுல எதுவும் இல்ல."

மறுநாள் காலை. ஃபர்னிச்சர்காரர் வழக்கம்போல வந்து சாய்ந்தார். பழகிய தோஷம். பஞ்சுக்கையும் வழக்கம்போலப் பக்குவமாகச் சவரம் செய்து முடித்தார். பேப்பர் விரிந்தபோது, துண்டை உதறி மடித்து வைத்துவிட்டு அருகில் போய் நின்றார்.

"அண்ணே, சவரக் காசு."

பெஞ்சில் இருந்த ஒற்றை ஆள் தலை நிமிர்ந்தார். ஃபர்னிச்சர்காரர் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் இவரைப் பார்த்தார். "என்னய்யா இது, நமக்குள்ள?"

"நமக்குள்ளதான் இப்ப ஒண்ணும் இல்லையேண்ணே."

பஞ்சுக்கைக்கே தன் குரல் புதிதாகக் கேட்டது. ஃபர்னிச்சர்காரர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டுக் காசை எடுத்து வைத்து, பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்தார். போகிறபோது, "கை மட்டும் பஞ்சுய்யா உனக்கு" என்று முணுமுணுத்தார்.

பஞ்சுக்கை காசைப் பெட்டியில் போட்டார். நாற்காலியைத் தட்டித் துடைத்து, பெஞ்சுப் பக்கம் திருப்பினார்.

"வாங்க சார், உக்காருங்க. ஃபேன் காத்து நல்லா வரும்."