மருமகன் வேறு குடி

ஷரிபுதீன் எங்கள் கிராமசபையின் இலிகிதர், ஊர்ப்பேச்சில் கிளாக்கர். கல்முனைக்குடியில் பிறந்தவர். கலியாணத்தன்று ஒரு றங்குப்பெட்டியோடு மனைவி றுகையாவின் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போவான். அங்கே பகைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். றுகையாவின் வாப்பா கச்சிமுகம்மதுவும் அதே வளவில்தான் இருந்தார். சபையில் சம்பளமில்லாத உறுப்பினர் அவர்.

1957இல் ஒரு சனிக்கிழமை, உறுப்பினரும் ஊழியரும் எப்படி நேர்மையாக நடக்க வேண்டும் என்று வகுப்பெடுக்க மட்டக்களப்பிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அன்று பின்னேரம் சந்தைக் குத்தகை யாருக்கு என்று முடிவாக இருந்தது.

"உறவினர் சம்பந்தப்பட்ட விடயம் வந்தால் உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும்" என்ற அதிகாரி, உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். குத்தகை கேட்டவர்களில் தமக்கு உறவு யார் என்று அவர்கள் எழுத வேண்டும். அது உண்மை என்று இலிகிதர் ஒப்பமிட வேண்டும்.

கச்சிமுகம்மது "ஒருவருமில்லை" என்று எழுதினார். குத்தகை கேட்ட மூவரில் ஒருவனான மர்சூக், அவருடைய இளைய மகளின் கணவன்.

ஷரிபுதீனின் பேனா தாளுக்கு மேலே நின்றது. ஒப்பமிட்டால் பொய். இடாவிட்டால் றங்குப்பெட்டி.

அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "மாமா, மர்சூக்க எழுதல்லியே."

"அவன் வேற குடி" என்றார் கச்சிமுகம்மது. "பள்ளிவாசல்லயும் குடியத்தானே பார்க்கிற? நான் பொய் எழுதல்ல."

அவர் மனமறிந்து ஏமாற்றவில்லை. தாய்வழியில் வரும் வமிசமான குடியை வைத்தே உறவையும் ஊர் நியாயத்தையும் பேசிப் பழகியவர்.

"என்ன தாமதம்?" என்றார் அதிகாரி.

பக்கத்தில் இருந்த உறுப்பினர் மீராமுகைதீன் சிரித்தார். "பகலைக்கி என்ன கறி எண்டு மாமனும் மருமகனும் கதைக்கிறாங்க, ஐயா."

எல்லோரும் சிரித்தார்கள். ஷரிபுதீன் பேனாவை மூடி வைத்தார்.

"மாமா, நானும் வேற குடிதான். அப்ப நான் உங்களுக்கு ஆரு?"

இந்த முறை அவர் மெதுவாகக் கேட்கவில்லை. சிரிப்பு நின்றது. கச்சிமுகம்மதுவின் காது சிவந்தது.

"தாளக் கொண்டா" என்றார். மர்சூக்கின் பெயரை எழுதிய வேகத்தில் தாள் கிழிந்தது. பின்னேரம் குத்தகை விடயம் வந்தபோது குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். குத்தகை வேறொருவருக்குப் போனது.

ஷரிபுதீன் வீடு வருமுன் செய்தி வந்துவிட்டது. றங்குப்பெட்டி முற்றத்தில் கிடந்தது. அதன்மேல் றுகையா உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுடைய உம்மா வாசலில் நின்றாள்.

"எழும்புகா. அவர் பெட்டிய எடுக்கட்டும்."

"ஊட்டு உறுதிப்பத்திரம் என்ட பேர்ல உம்மா" என்றாள் றுகையா, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆரு இரிக்கிற, ஆரு போற எண்டு நான் சொல்றன்."

வேலிக் கடப்படியில் குடையோடு வந்து நின்ற கச்சிமுகம்மதுவுக்கும் அது கேட்டது. அவர் கிணற்றடிக்குப் போனார். மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஷரிபுதீன் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

அதற்குப் பிறகு வளவில் மாமன் மருமகனோடு கதைத்ததில்லை. எதையும் றுகையா மூலமே சொல்லியனுப்பினார். சபையில் மட்டும் கதைப்பார். ஒவ்வொரு குத்தகை வரும்போதும் மேசையைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்பார்:

"கிளாக்கர், நான் இரிக்கட்டா, எழும்பட்டா?"

ஷரிபுதீன் குத்தகை கேட்டவர்களின் பெயர்களை ஒரு தரம் வாசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.